ஜெனரேட்டர் இருமிய வரலாறு

மனிதகுலம் நெருப்பைக் கண்டதற்கும் சக்கரத்தை உருட்டியதற்கும் அடுத்தபடியாகப் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அக்டோபர் மாதம், ஓசூர் சிப்காட்டில், மேகலாத்ரி அலாய் காஸ்டிங்ஸ் என்னும் இரும்பு வார்ப்பாலையில் நடந்தேறியது. செய்தித்தாள்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. வானொலி வாயைத் திறக்கவில்லை. ஆகவே உலகுக்கு அறிவிக்கும் கடமை நம் தலையில் விழுந்திருக்கிறது. நிகழ்ச்சி இதுதான்: ஜெனரேட்டர் இருமியது.

இதற்கு முன் அந்த ஆலையில் இருந்த ஜெனரேட்டர் பதினைந்து வருஷம் இருமிக்கொண்டேதான் ஓடியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. புதியது அப்படியல்ல. கப்பலில் வந்தது. இதன் டீசல் இன்ஜினுக்கு ஆறு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் டீசலைப் பீய்ச்சியடிக்க ஓர் இன்ஜெக்டர். அந்த ஆறு இன்ஜெக்டர்களையும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி ஆண்டது. பெட்டியிலிருந்து புறப்படும் வயர்கள் ஒரு கறுப்புக் குழாய்க்குள் கட்டாகப் போய், இன்ஜினின் பக்கவாட்டில் பிரிந்து, இன்ஜெக்டருக்கு ஒன்றாக ஆறு பிளாஸ்டிக் கனெக்டர்களில் முடியும். ஒவ்வொரு கனெக்டரும் தீப்பெட்டியில் பாதி இருக்கும். பெட்டி உத்தரவு போட்டால் அந்த வயர் வழியாகத்தான் போகவேண்டும்.

"இனிமே இன்ஜினை மனுஷன் ஓட்ட வேண்டியதில்லை. இன்ஜினே தன்னை ஓட்டிக்கும்" என்று திறப்பு விழாவில் சென்னகிருஷ்ணன் அறிவித்தார். அப்போது அவருக்கு மைக் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் மாதப்பன். ஒன்பது வருஷமாக ஜெனரேட்டர் ஆபரேட்டர். இனி ஓட்ட வேண்டியிராத அந்த மனுஷன் தான்தான் என்பது அவனுக்குப் புரிந்தது, கைதட்டினான்.

சென்னகிருஷ்ணனின் அறைக் கதவில் 'சீனியர் ஜெனரல் மேனேஜர், பிளான்ட் அண்ட் எக்ஸலன்ஸ்' என்று பித்தளைப் பலகை இருந்தது. எக்ஸலன்ஸ் அந்த வருஷம்தான் ஒட்டிக்கொண்டது. ஆலைக்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்கியே தீருவது என்று முதலாளி முடிவெடுத்ததும், அதற்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டியிருந்தது. அன்றுமுதல் கழிவறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் போனவனுக்குக்கூட நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஜெனரேட்டர் இருமியது. ஆயுத பூஜை விடுமுறை எல்லாம் முடிந்து திங்கட்கிழமை மெஷின்களை அதன்மேல் ஏற்றி லோடு கொடுத்தபோது முதல் இருமல். சும்மா ஓடும்போது சமர்த்தாக ஓடும். லோடு ஏறினால் உடம்பு குலுங்கும், ஒரு சிலிண்டர் விட்டுப்போகும், திரும்பவும் பிடித்துக்கொள்ளும், மறுபடி விடும். செவ்வாய்க்கிழமை இரண்டு முறை தானே அணைந்துவிட்டது. பெங்களூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் குருபிரசாத் வந்தார். மடிக்கணினியைத் திறந்து, கம்ப்யூட்டர் பெட்டியோடு இணைத்து, ஒரு மணி நேரம் திரையைப் பார்த்தார். அந்த ஒரு மணி நேரமும் இன்ஜின் பக்கம் திரும்பவில்லை. திரை, மூன்றாம் நம்பர் இன்ஜெக்டர் தொடர்பு அறுந்தது என்றது. பிறகு ஐந்தாம் நம்பர் என்றது. பிறகு மறுபடி மூன்று.

"இன்ஜெக்டர்ஸ் ஒண்ணொண்ணா ஹோகிபிட்டிதே சார், போயிடுச்சு. ஃப்யூயல் சரி இல்லா. யாரோ மண்ணெண்ணெய் மிக்ஸ் பண்ணியிருக்காங்க" என்றார் குருபிரசாத், கன்னடத்தையும் தமிழையும் ஒரே சட்டியில் கிண்டி.

புது இன்ஜெக்டர் வெளிநாட்டிலிருந்து வர பன்னிரண்டு வாரம். ஆனால் குற்றவாளி உள்நாட்டிலேயே கிடைத்தான். டீசல் டேங்க் சாவி மாதப்பனிடம் இருந்தது. டீசலைத் திருடி விற்றுவிட்டு, குறைந்த அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டான் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் கையில் மெமோ கொடுத்தார்கள். எரிபொருளில் மண்ணெண்ணெய் கலந்து விலையுயர்ந்த இயந்திரத்துக்குச் சேதம் விளைவித்ததாகத் தெரியவருவதால், உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். அதுவரை ஜெனரேட்டர் அறைக்குள் நுழையக் கூடாது. டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவும்.

உட்கார்ந்தான். சிப்காட்டில் குடித்துவிட்டு வருகிறவனுக்கு வேலை உண்டு. சூபர்வைசரை அடித்தவனுக்குக்கூட அடுத்த கேட்டில் வேலை உண்டு. டீசல் திருடன் என்று பேர் வாங்கியவனுக்கு எந்த கேட்டும் திறக்காது. சூளகிரி பைபாஸில் லாரி ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷம் கிரீஸில் புரண்டு, அதற்கப்புறம் கிடைத்த வேலை இது. மனைவி நஞ்சம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். வேலை போனதைச் சொல்லிவிடலாம். மண்ணெண்ணெயை எப்படிச் சொல்வது? ரேஷனில் வாங்குகிற மண்ணெண்ணெயையே அவள் மூன்று நாள் முன்னால்தான் பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுத்திருந்தாள்.

மதியம் ஒன்றரைக்கு எலக்ட்ரீஷியன் ஷேக் தாவூத் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்னாண்ணா, காதல் கடுதாசி வந்துச்சாமே?"

"பதில் எழுதணுமாம் பாய். எழுத்துமூலம்."

"என்னா எழுதப் போற?"

"என்னாத்த எழுதறது? நான் திருடல, ஊத்தலன்னு எழுதுனா, திருடுனவனும் அதையேதான எழுதுவான்." மாதப்பன் மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "ஒண்ணு யோசிச்சுப் பாரு. மண்ணெண்ணெய் கலந்திருந்தா ஆறு சிலிண்டரும் ஒண்ணா இருமணும். ஒரே டேங்க்கு, ஒரே டீசலு. சரி, இன்ஜெக்டர்தான் எரிஞ்சு போச்சுன்னா எரிஞ்சது எரிஞ்சதுதான். நேத்து மூணு, அப்பறம் அஞ்சு, அப்பறம் திரும்பி மூணுன்னா, நடுவுல மூணு எப்படி பிழைச்சு வந்துச்சு? செத்தவன் சாயங்காலம் எழுந்து டீ குடிக்கிறானா?"

தாவூத் தாடையைச் சொறிந்தான். "வயரா?"

"வயரேதான். எங்கியோ லூசு. சும்மா நிக்கறப்ப ஒட்டிகினு இருக்குது, லோடு ஏறி குலுங்குனா விட்டுடுது. என்னை ரெண்டு நிமிஷம் உள்ள வுட்டா கையில தொட்டுச் சொல்லிடுவேன்."

"இதை மேனேஜர்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். 'கம்ப்யூட்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா'ன்னாரு."

இப்போது இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்குத்தான் சான்றிதழ் ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அன்றைக்கே மதியம் இரண்டு முதல் ஐந்து வரை மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்தம். ஒரு வாரம் முன்பே கடிதம் வந்துவிட்டது. புத்தியுள்ளவன் அந்த மூன்று மணி நேரம் கரண்டில் எரியும் உலையைக் காலியாக வைத்திருப்பான். சென்னகிருஷ்ணன் நிரப்பச் சொன்னார். கரண்ட் போனாலும் மேகலாத்ரியில் உற்பத்தி நிற்காது என்பதை ஆடிட்டர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். இருமல் இருக்கிறதே என்று உலை ஃபோர்மேன் கங்கப்பன் தயங்கியதற்கு, "உலைக்கு முக்கால் லோடு போதும், அதுல இருமாது" என்றார். முக்கால் லோடில் இருமாது என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லவில்லை. எக்ஸலன்ஸ் சொன்னது.

ஒன்றே முக்காலுக்கு உலையில் இரண்டு டன் இரும்பு குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சரியாக இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று.

ஆலை முழுக்கச் சத்தம் அடங்கியது. பிறகு ஜெனரேட்டர் உறுமும் சத்தம். பெஞ்சிலிருந்து மாதப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பம்ப் ஏறியது. உலை ஏறியது. உறுமல் கனத்தது. கனத்து, தொண்டையைச் செருமியது. ஒரு முறை. இரண்டு முறை. அப்புறம் சரசரவென்று ஓட்டம் இறங்கி, அணைந்தது.

"போச்சு" என்றான் தாவூத். எழுந்து ஓடினான்.

மாதப்பன் உட்கார்ந்தே இருந்தான். உள்ளே நுழையக் கூடாது என்று எழுத்துமூலம் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவன் மனசு எண்ணிக்கொண்டிருந்தது. அந்த உலையைச் சுற்றிச் செம்புக் குழாய். குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் நின்றால் கூரைமேல் தொட்டியிலிருந்து தானே இறங்கும். தொட்டியில் அரை மணி நேரத் தண்ணீர். அதற்குமேல் குழாய் உருகும். உருகிய குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் கொதிக்கும் இரும்பைத் தொட்டால் கூரை இருக்காது. கூரையடியில் நிற்பவர்களும் இருக்க மாட்டார்கள். இரும்பைக் கொட்டிவிடலாம் என்றால் உலையைச் சாய்ப்பதற்கும் கரண்ட் வேண்டும். பழைய ஜெனரேட்டரை எடைக்குப் போட்டாகிவிட்டது.

மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். மறுபடி செருமல். மறுபடி அணைந்தது. கடிகாரத்தில் இரண்டு ஆறு.

கங்கப்பன் ஓடிவந்தான். முகமெல்லாம் கரி, கரியில் வியர்வை கோடு போட்டிருந்தது. "மாதப்பா, எழுந்து வா."

"மெமோ இருக்குதுபா."

"மெமோவ மடிச்சு வெச்சுக்க. என் ஆளுங்க ஒம்பது பேரு உலை மேடையில நிக்கறானுங்க. போடான்னா போவ மாட்டேங்கறானுங்க, உலையை வுட்டுட்டுப் போனா வேலை போயிடும்னு பயம். வா."

மாதப்பன் எழுந்தான்.

ஜெனரேட்டர் அறை வாசலில் சென்னகிருஷ்ணன் நின்றார். டை இடது தோளுக்கு மேல் கிடந்தது. உள்ளே குருபிரசாத் மடிக்கணினியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பார்ப்பவர்களுக்கு அது தொழுகையா சர்வீஸா என்று சொல்ல முடியாது.

"இவனை யார் கூப்பிட்டது?"

"நான்தான் சார்" என்றான் கங்கப்பன்.

"என்கொயரி பெண்டிங்ல இருக்கிறவன் எவிடன்ஸைத் தொடலாமா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நாளைக்கு வரைக்கும் வேணாம் சார். இன்னும் இருபது நிமிஷத்துல ஆவும்."

சென்னகிருஷ்ணன் குருபிரசாத்தைப் பார்த்தார். "வாட் டு யூ சே?"

"ஒந்து நிமிஷ சார். ரீசெட் மாடிதினி."

"இதையேதான் பத்து நிமிஷமா சொல்றீங்க."

"கம்ப்யூட்டரு சொல்லோதுதானே நான் சொல்றேன் சார்."

விருந்தினர் அறைப் பக்கமிருந்து கேன்டீன்காரன் வந்து, ஆடிட்டர் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், முடித்ததும் உலையைப் பார்க்க வருவாராம் என்று சொல்லிவிட்டுப் போனான். சென்னகிருஷ்ணனின் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. இரண்டு பதினொன்று. மேனேஜர் பதவியில் ஒரு மனிதன் கற்றுக்கொள்ளும் முதல் வித்தை, விட்டுக்கொடுக்கும்போது உத்தரவிடுவதுபோல் விட்டுக்கொடுப்பது.

"மாதப்பா. என் நேரடி சூபர்விஷன்ல நீ செக் பண்ணு."

"சரிங்க சார்" என்றான் மாதப்பன். உள்ளே நுழைந்தான்.

"பாய், லோடு இல்லாம ஸ்டார்ட் பண்ணு. ஏத்தாத."

இன்ஜின் பிடித்தது. சீராக ஓடியது. மாதப்பன் வயர்க்கட்டின் பக்கம் குனிந்து கையை நீட்டினான்.

"ஏய், முட்டபேடி" என்று குருபிரசாத் துள்ளி எழுந்தார். "ஓட்டத்துல அதுல நூறு வோல்ட்டுக்கு மேல இருக்கு. கை வெச்சா தூக்கி அடிக்கும்."

அன்று அவர் சொன்னதிலேயே உருப்படியான விஷயம் அது. மாதப்பன் கையை இழுத்துக்கொண்டு சுத்தியலை எடுத்தான். இரும்புத் தலையைப் பிடித்துக்கொண்டு மரக் கைப்பிடியை நீட்டினான். ஒன்றாம் நம்பர் கனெக்டரைக் கைப்பிடியால் மெல்ல அசைத்தான். இன்ஜின் சத்தம் மாறவில்லை. இரண்டாவது. லேசாக ஒரு விக்கல். மூன்றாவதைத் தொட்டான்.

இன்ஜின் முழு உடம்பும் உதறியது. கைப்பிடியை எடுத்தான். சமாதானமானது. மறுபடி தொட்டான். உதறியது.

நான்காவது, ஒன்றுமில்லை. ஐந்தாவதைத் தொட்டதும் மறுபடி உதறல். குருபிரசாத்தின் திரையில் 'மூன்று', 'ஐந்து' என்று எழுத்துகள் மாறி மாறி வந்தன. கம்ப்யூட்டர் பாவம், ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தொடர்பு அறுந்தது என்றுதான் சொன்னது. மண்ணெண்ணெயை மனிதர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

"ஆஃப் பண்ணு பாய். பேட்டரி ஒயரையும் கழட்டிடு."

இன்ஜின் நின்றது. இரண்டு பதினாறு. மாதப்பன் மூன்றாம் நம்பர் கனெக்டரின் பூட்டு நாக்கை விரலால் தேடினான். நாக்கு பள்ளத்தில் விழவேயில்லை, அந்தரத்தில் நின்றது. இழுத்ததும் அழுத்தமே இல்லாமல் கையோடு வந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தான்.

உள்ளே மஞ்சளாக ஏதோ சுண்ணாம்புபோல இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

குருபிரசாத் அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். "இதேனு, கிரீஸா?" என்றவர், முகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "கந்தா இது. சந்தனம்."

மாதப்பனுக்கு ஒரு கணம் புரியவில்லை. அவன் தாவூதைப் பார்த்தான். தாவூத் கூரையைப் பார்த்தான். பூஜையன்று மாதப்பன் இந்த அறையில் இல்லை. கேட்டில் பூசணிக்காய் உடைக்க அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். மற்ற மெஷின்களுக்கெல்லாம் அந்தந்த மெஷின் ஆளே பொட்டு வைத்துக்கொண்டார்கள். கப்பலில் வந்த இன்ஜினுக்கு மட்டும் சென்னகிருஷ்ணன் தம் திருக்கரத்தால் வைத்தார். ஸ்டூடியோக்காரர் ஒருவரைக் கேமராவோடு வரவழைத்திருந்தார். வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம். இன்ஜினில் எண்ணெய்ப் பசை. வைத்த பொட்டு வழிந்து இறங்கியது. போட்டோவுக்கு நிற்கவில்லை. அப்போது சென்னகிருஷ்ணன் கேட்டார்: "இதோட உயிர் எங்கே இருக்கு?"

தாவூத் அறிவாளி. இதோ இந்த ஆறு கனெக்டரில்தான் சார் என்று காட்டிவிட்டான்.

"அப்போ உயிருக்குத்தான் வைக்கணும்" என்று ஆறையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உள்விளிம்பில் மோதிர விரலால் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, திரும்பச் செருகியவர் சாட்சாத் பிளான்ட் அண்ட் எக்ஸலன்ஸ். மூன்றாவதற்கு ஃப்ளாஷ் எரியவில்லை என்று இரண்டு முறை செய்தார். ஈரச் சந்தனம் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. லீவு முடிவதற்குள் காய்ந்து கல்லானது. பூட்டு விழ இடமில்லை. அந்தப் போட்டோ பெரிதாக்கப்பட்டு ஆலையின் முன்வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் காலையில் அதைப் பார்த்துப் பாராட்டினார்.

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரிந்தது. சென்னகிருஷ்ணனுக்கும் தெரிந்தது. அவர் டையைத் தோளிலிருந்து எடுத்து முன்னால் விட்டுக்கொண்டார்.

"மணி ரெண்டு பதினெட்டு" என்றான் கங்கப்பன்.

மாதப்பன் யாரையும் பார்க்கவில்லை. "ஸ்க்ரூ டிரைவர் வேணாம், உள்ள பின்னு வளைஞ்சிடும். துடைப்பக் குச்சி கொண்டா."

துப்புரவு செய்யும் முனிலட்சுமி வாசலில் கூட்டத்தோடு நின்றிருந்தாள். துடைப்பத்திலிருந்து நாலைந்து குச்சிகளை உருவி நீட்டினாள். மாதப்பன் ஒன்றின் முனையைப் பல்லால் கடித்துச் சப்பையாக்கி, சந்தனத்தைச் சுரண்டினான். பொடிப்பொடியாக உதிர்ந்தது. தாவூத் காற்றுக் குழாயை நீட்ட, கம்ப்ரெஸ்ஸரில் மிச்சமிருந்த காற்றுக்கு ஒரே ஒரு பெருமூச்சுதான் வந்தது. மீதியை வாயால் ஊதினார்கள். ஒன்றாம் நம்பர். சுரண்டி, ஊதி, துணியால் துடைத்து, செருகி அழுத்தினான். டக். பூட்டு விழுந்த சத்தம்.

"ஒண்ணு" என்றான் தாவூத்.

இரண்டு. நான்கு. ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டக். சந்தனப் பொடி மாதப்பனின் புருவத்தில் படிந்து, கோயிலுக்குப் போய் வந்தவன்போல இருந்தான். இரண்டு இருபத்திரண்டு. உலை மேடையிலிருந்து ஒருவன் வந்து, தொட்டியில் கால்வாசிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினான்.

ஐந்தாம் நம்பரும் டக் என்றது. மூன்றும் டக் என்றது, ஆனால் அடங்கவில்லை. சுத்தமாகச் சுரண்டியும், பூட்டு விழுந்தும், வயரை லேசாக அசைத்தால் உள்ளே ஆடியது. கழற்றி டார்ச்சில் பார்த்தான். இரண்டு முறை சந்தனத்தோடு திணித்ததில், பின்னைக் கவ்விப் பிடிக்க வேண்டிய உள் தகடு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"புது கனெக்டர் இருக்குதுங்களா சார்?" என்று குருபிரசாத்தைக் கேட்டான்.

"இல்லா. ஆர்டர் ஹாக்கணும்."

"எத்தனை நாளு?"

குருபிரசாத் மடிக்கணினியின் திரையைத் துடைத்தார். பன்னிரண்டு வாரம் என்று சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

மாதப்பன் வாசல் பக்கம் திரும்பினான். "முனிலட்சுமி, ஊக்கு இருக்குதா?"

அவள் வளையலில் கோத்திருந்த மூன்று ஊக்குகளில் சின்னதைக் கழற்றிக் கொடுத்தாள். "துருவோட இருக்குதுண்ணா."

"பரவால்ல தாயி."

ஊக்கின் முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக விட்டு, தகட்டைப் பிடித்துவைத்திருந்த சின்னக் கொக்கியை அமுக்கினான். வழுக்கியது. மறுபடி அமுக்கினான். இது உடைந்தால் இன்னொன்று இல்லை; இது உடைந்தால் மெமோவில் எழுதியிருப்பது உண்மையாகிவிடும். இயந்திரத்துக்குச் சேதம் விளைவித்தவன் என்று அவன் பேரை எல்லோர் கண்ணெதிரிலும் அவனே எழுதியதாக ஆகும். சென்னகிருஷ்ணன் அவன் பின்னால் நின்று மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அந்த மூச்சுக்கு எந்த முடிவு பிடிக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"சார் கொஞ்சம் வெளிச்சத்தை வுட்டு நில்லுங்க" என்றான் தாவூத். மாதப்பன் வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் யாரும் சென்னகிருஷ்ணனிடம் அப்படிச் சொன்னதில்லை. அவர் நகர்ந்தார்.

கொக்கி அமுங்கியது. தகடு வயரோடு பின்பக்கமாக வந்தது. மாதப்பன் அதன் பிளந்த வாயைக் குறடால், முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, ஒரு நூல் அளவு நெருக்கினான். அதிகம் நெருக்கினால் பின் நுழையாது, குறைந்தால் கவ்வாது. கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம். திரும்ப உள்ளே தள்ளினான். கொக்கி பிடித்தது. கனெக்டரைச் செருகினான்.

டக்.

வயரை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. தொங்கிக்கொண்டிருந்த வயர்க்கட்டைத் தாவூத் தன் கைக்குட்டையைக் கிழித்து இன்ஜினோடு சேர்த்துக் கட்டினான்.

"ரெண்டு இருபத்தேழு" என்றான் கங்கப்பன். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பேட்டரி வயரை மாட்டி, சாவியைத் திருப்பினார்கள். இன்ஜின் பிடித்தது. மாதப்பன் சுத்தியல் கைப்பிடியால் ஆறு கனெக்டர்களையும் வரிசையாகத் தட்டினான். சத்தம் மாறவில்லை.

"பம்பு ஏத்து."

ஏறியது. கூரைக்குமேல் குழாயில் தண்ணீர் முட்டும் ஓசை கேட்டது. வாசலில் நின்ற கூட்டம் மூச்சு விட்டது.

"இப்ப உலை. மெதுவா."

இன்ஜின் கனத்தது. தரை அதிர்ந்தது. மாதப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கால் லோடு. அரை. முக்கால். சென்னகிருஷ்ணன் சொன்ன முக்கால். அதில் ஒரு நிமிஷம் நின்றது. இருமவில்லை. முழு லோடு. ஆறு சிலிண்டரும் ஒரே தொண்டையாகப் பாடின.

முனிலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊக்கைக் குடு" என்று மாதப்பனிடம் கை நீட்டினாள்.

சரியாக அந்த நேரத்தில் ஆடிட்டர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் கோப்பு, உதட்டோரத்தில் பாயசத்தின் சேமியா ஒன்று. ஓடும் ஜெனரேட்டரைப் பார்த்தார், கரியும் சந்தனமுமாக நின்றவர்களைப் பார்த்தார்.

"இடையில் நின்றதாகக் கேள்விப்பட்டேன்."

"மைனர் அப்சர்வேஷன் சார். அப்பவே ரெக்டிஃபை பண்ணிட்டோம்" என்றார் சென்னகிருஷ்ணன்.

"நல்லது. அப்படியானால் படிவம் இருக்குமே. மூல காரணம் என்னவென்று எழுதியிருப்பீர்களே."

படிவம் இல்லை. மூல காரணம் டை கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றது. சென்னகிருஷ்ணன் மெதுவாக மாதப்பன் பக்கம் திரும்பினார்.

"சொல்லுப்பா மாதப்பா" என்றார். இதுவரை யாரும் கேட்டிராத கனிந்த குரல். "என்ன காரணம்?"

மாதப்பன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். உண்மையைச் சொன்னால் மண்ணெண்ணெய்ப் பழி போய்விடும், வேலையும் போய்விடும். பொய் சொன்னால் வேலை இருக்கலாம், பழியும் இருக்கும். தாவூத் அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். என்ன அர்த்தத்தில் என்று தெரியவில்லை.

"கனெக்டரு லூசுங்க சார். குலுங்கறதுல லூசாயிடுச்சு" என்றான் மாதப்பன். பிறகு ஆடிட்டரைப் பார்த்தபடியே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: "மண்ணெண்ணெய் இல்லைங்க. அதையும் சேத்து எழுதிக்கங்க."

"மண்ணெண்ணெயா?" என்றார் ஆடிட்டர்.

"அது ஒரு பழைய ஹைப்பாதிசிஸ் சார்" என்று சென்னகிருஷ்ணன் குறுக்கே புகுந்தார். "டேக்கன் பேக்." அப்புறம் அவருக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது, எதிரில் ஆடிட்டர் இருந்ததால் நன்றாகவே பொங்கியது. மாதப்பனின் சட்டைப் பையிலிருந்து மெமோவைத் தாமே எடுத்தார். உயர்த்திப் பிடித்தார். நடுவாகக் கிழித்தார். நான்காகக் கிழித்தார். எட்டாகக் கிழிக்க முயன்று, காகிதம் கனமாக இருந்ததால் நான்கோடு நிறுத்திக்கொண்டார்.

"மேகலாத்ரி ஒரு கம்பெனி இல்லை, குடும்பம்" என்றார். "குடும்பத்துல மெமோ கிடையாது. மாதப்பன் மாதிரி தொழிலாளிதான் இந்த நிறுவனத்தோட உண்மையான இன்ஜின். அவன் கை பட்டா இரும்பும் பேசும். இனிமே இந்த இன்ஜினுக்கு ராத்திரி பகல் அவன்தான் பொறுப்பு."

கூட்டம் கைதட்டியது. கங்கப்பன் மாதப்பனின் முதுகில் அறைந்தான். ஆடிட்டர் 'தொழிலாளர் பங்கேற்பு: மிகச் சிறப்பு' என்று கோப்பில் எழுதிக்கொண்டார். குருபிரசாத் மடிக்கணினியை மூடும்போது, தன் அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று மாதப்பனையே யோசனை கேட்டார். தாவூத் கிழிந்த மெமோத் துண்டுகளைப் பொறுக்கி, "வீட்டுல காட்டு, அண்ணி நம்பணுமில்ல" என்று மாதப்பன் கையில் திணித்தான். அன்று சாயங்காலம் மாதப்பன் சூளகிரி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, வழியெல்லாம் தூங்கிக்கொண்டே போனான்.

மெமோ மூன்று பிரதிகளில் அடிக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிவரை எழுத்துமூலம் விளக்கம் வராததால், பர்சனல் டிபார்ட்மெண்ட் மாதப்பனை வேலையிலிருந்து நீக்கியது.